டிஸ்சிப்ளினா கிச்மெ: எந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

புதுவிரல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பேஸ் கிட்டார் பழகிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் கிட்டார் வாசித்தவர் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். இப்போது நானும் டிரம்மரும் மட்டும்தான். வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர், "எதற்குக் கிட்டார்? செர்பியாவில், பெல்கிரேடில் ஒரு மனுஷர் 40 வருஷமாகப் பேஸையே முன்னால் வைத்து ராக் வாசிக்கிறார்" என்று சொல்லி, டிஸ்சிப்ளினா கிச்மெ என்ற குழுவின் பாட்டு ஒன்றை அனுப்பினார்.

கேட்டேன். கிட்டார் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது பேஸ்தான் என்றார். மறுபடி கேட்டேன். நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சரி, முழுதாகக் கேட்டுவிடலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. குழுவின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. சில ஆல்பங்களின் பெயர் செர்பிய மொழியில், சிலவற்றின் பெயர் ஆங்கிலத்தில். 1987இல் "நைலெப்ஷி ஹிட்டோவி" என்று ஒன்று வந்திருக்கிறது. "மிக அழகான ஹிட்டுகள்" என்று பொருளாம். ஹிட் பாட்டுகளின் தொகுப்பு என்றால் அதிலேயே ஆரம்பித்துவிடலாமா? இல்லை, முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக வர வேண்டுமா? பேஸ் வாசிக்கிற ஒருவன் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னால் பெரிய உதவி.

கேசட்பெட்டி (பதில்)

தம்பி, நல்ல இடத்தில் வந்து நின்றிருக்கிறீர்கள். இந்தக் குழுவைப் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைப்பதே அரிது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் நேர்க் கேள்வி. "நைலெப்ஷி ஹிட்டோவி" தொகுப்பு கிடையாது. மற்றவற்றைப் போல அதுவும் ஸ்டூடியோவில் எடுத்த ஆல்பம்தான். நல்ல ஆல்பம், ஆனால் நுழைவாசல் அது இல்லை. நான் சொல்வது 1989இல் வந்த "செலெனி சூப் நா ப்லானெட்டி தோசாதே". சலிப்புக் கிரகத்தில் பச்சைப் பல் என்று பொருள். பச்சைப் பல் என்பது காமிக்ஸ் வீரன் மாதிரி ஒரு பாத்திரம். அந்த ஆல்பத்தை முடித்த கையோடு 1983க்குப் பின்னால் போங்கள். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

இந்தக் குழு என்றால் துஷான் கோயிச்தான். எல்லோரும் கோயா என்று கூப்பிடுகிறார்கள். பேஸும் அவர், குரலும் அவர். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். அவர் முன்பு ஷார்லோ அக்ரோபாட்டா என்ற மூவர் குழுவில் இருந்தார். கிட்டார் மிலான் ம்லாதெனோவிச், டிரம்ஸ் இவான் வ்தோவிச், பேஸ் கோயா. 1981இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள். அதற்குப் பிறகு மிலான் பாடல் பக்கம் போனார். அவர் குழு எகடரினா வேலிகா என்ற பெயரில் அன்று செர்பியாவும் சேர்ந்திருந்த யுகோஸ்லாவியா முழுக்கக் கொண்டாடப்பட்டது. கோயா எதிர்த் திசையில் நடந்தார். மெலடி, கிட்டார், வானொலிக்கு ஏற்ற வழவழப்பு எல்லாவற்றையும் தள்ளிவைத்தார். பேஸ், டிரம்ஸ், கத்தும் குரல். அந்த மூன்றின் மேல்தான் 1982இல் டிஸ்சிப்ளினா கிச்மெயை எழுப்பினார்.

கிட்டாரை எடுத்தாயிற்று. அந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே எதை வைப்பது? என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் ஒவ்வொரு ஆல்பமும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான். இதை மனதில் வைத்துக் கேட்டால் பெயர்க் குழப்பம், மொழிக் குழப்பம் எதுவும் உங்களைத் தொந்தரவு செய்யாது.

1983இல் வந்த முதல் ஆல்பம் "ஸ்விஜா மி சே தா தி நே பூதே ப்ரியாட்னோ". உனக்கு அசௌகரியமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்று பொருள். பெயரில் சொன்னதையே பாட்டில் செய்கிறார்கள். காலி இடத்தை மூடுவதற்கு எதுவும் இல்லை. பேஸும் டிரம்ஸும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது அப்படியே கேட்கிறது. இதையே முதலில் கேட்டால் பலர் பாதியில் ஓடிவிடுகிறார்கள். அதனால்தான் 1989 ஆல்பத்தை முன்னால் வைத்தேன். அதில் அதே முரட்டுத்தனம் இருக்கிறது, ஆனால் கால் தட்ட வைக்கும் ஃபங்க் தாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் காது பழகிய பிறகு 1983ஐப் போடுங்கள். அப்போது அது இரைச்சலாகக் கேட்காது. எலும்பு தெரியும்.

வேலை விஷயமாகக் கொஞ்ச காலம் பெல்கிரேடில் இருந்தேன். அங்கே ஒரு பழைய எல்பி கடையில்தான் இந்தக் குழுவை முதன்முதலில் சரியாகக் கேட்டேன். அதற்கு முன்னால் மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். தட்டைத் துணியால் துடைத்து, முள்ளை வைத்து, ஆம்ப்ளிஃபையரில் இருந்த டிரெபிள் குமிழைக் குறைத்துவிட்டு ஒலியைக் கூட்டினார். மேசை மேல் இருந்த காப்பிக் கோப்பையின் கரண்டி நடுங்கி சாஸரில் கிணுகிணுத்தது. அப்போதுதான் அந்தப் பேஸில் இரண்டு அடுக்கு இருப்பது புரிந்தது. மேலே கரகரவென்று கிழிகிற ஓர் ஒலி; அதற்குக் கீழே, நெஞ்சில் வந்து இடிக்கிற அடித்தளம். சின்ன ஸ்பீக்கரில் மேல் அடுக்கு மட்டும்தான் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நீங்களும் கிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். நல்ல ஹெட்ஃபோனாவது போட்டுக் கேளுங்கள் தம்பி. இந்தக் குழுவுக்கு அது அவசியம்.

பேஸ் வாசிப்பவராக எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். மூன்று விஷயம் சொல்வேன். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலைப் பேஸில் சும்மா மாட்டினால் அடித்தளம் கரைந்துபோய்க் கொசு மாதிரி ஒலிக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் பெரும்பாலானவர்கள் சுத்தமான ஒலியைத் தனி வழியில் எடுத்து இரண்டையும் கலக்கிறார்கள். அது கருவி சம்பந்தப்பட்டது. அடுத்தது கை. தடித்த கம்பியில், கீழ் ஃபிரெட்டுகளில் (கழுத்தில் இருக்கும் குறுக்குக் கட்டைகள்) கார்டு, அதாவது பல சுரங்களை ஒன்றாகப் பிடித்தால் சேறாகிவிடும். மேல் ஃபிரெட்டுகளுக்குப் போய் இரண்டே சுரம், மூலமும் அதன் ஐந்தாவதும் சேர்த்துப் பிடித்தால் கிட்டார் கார்டின் கனம் வரும். கீழே, பேஸின் மிகத் தடித்த இ கம்பியைத் திறந்தபடி அதிரவிட்டால் அடியும் காலியாகாது. மூன்றாவது வா-வா பெடல். கோயாவுக்குக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேல் இருக்கும் காதல் அவர் வா-வாவை மிதிப்பதில் பச்சையாகத் தெரியும். அந்தப் பெடல் நடு அலைவரிசையைத்தான் முன்னும் பின்னும் நகர்த்துகிறது. மனிதக் குரல் வாழ்கிற இடமும் அதுதான். பாட்டு வரி இல்லாத இடங்களில்கூட யாரோ பேசுகிற மாதிரி இருப்பது அதனால்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985இல் "யா இமாம் ஷாரெனே ஓச்சி" (எனக்கு வண்ண வண்ணக் கண்கள்), 1986இல் "ஸ்வி சா ம்னோம்!" (எல்லோரும் என் பின்னால் வாருங்கள்). 80களின் பிற்பகுதிப் பதிவுகளில் காலி இடத்துக்குள் டிரம்பெட்டும் சாக்ஸும் வருகின்றன. கோயாவுக்குப் பழைய கறுப்பின சோல் இசை மேல் இருந்த பிரியம் அங்கே வெளிப்படுகிறது. யுகோஸ்லாவியா உடைகிற வேளையில் வந்த "நோவா இஸ்னெனஜென்யா சா நோவா போகோலென்யா" கட்டாயம் கேட்க வேண்டியது. அதில்தான் "பூக்கா உ மோதி" இருக்கிறது. இரைச்சல்தான் இப்போது ஃபேஷன் என்று பாடுகிறார். அந்த வருஷங்களில் அந்த நாட்டில் எப்படிப்பட்ட இரைச்சல் எழுந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பாட்டு வேறு மாதிரி கனக்கிறது.

தாளக்காரன் (பதில்)

கேசட்பெட்டி அண்ணன் பேஸைப் பற்றி எழுதிவிட்டார். டிரம்ஸ் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்.

கிட்டார் இல்லாத குழுவில் டிரம்மருக்குத்தான் வேலை இரட்டிப்பு. கிட்டார் இருந்தால் ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தில் நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிடலாம். இங்கே அது நடக்காது. கேலெ என்று அழைக்கப்பட்ட நெனாத் க்ராசவாத்ஸின் டிரம்ஸைக் கேளுங்கள். உங்கள் டிரம்மரையும் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். டாம் என்ற நடுத்தர டிரம்களை இடையில் நிரப்புவதற்காக மட்டும் தொடாமல், தாளத்தின் நடுவிலேயே வைத்து அடித்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். பேஸ் மேலே ஏறும்போது கீழே யாராவது நிற்க வேண்டும் அல்லவா?

இன்னொரு தகவல். சினிமா பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும். இயக்குநர் குஸ்துரிட்சாவின் "அண்டர்கிரவுண்ட்" படத்தில் பாதாள அறையிலேயே வளர்ந்து, நிலாவைப் பார்த்துச் சூரியன் என்று நினைக்கிற பையன் வருவானே, அந்த நடிகர் ஸ்ர்ஜான் தொதொரோவிச். ஷீகா என்பார்கள். அவரும் ஒரு காலத்தில் இந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்தான். எகடரினா வேலிகாவிலும் வாசித்திருக்கிறார்.

அண்ணனோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. அவர் 90களின் தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார். லண்டன் ஆல்பங்களைச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. கோயா லண்டனுக்குப் போய்க் குழுவைப் புதிதாகக் கட்டினார். ஆங்கிலம் படிப்பவர் வாய்க்கு வருகிற மாதிரி பெயரின் எழுத்துகளை மாற்றிக்கொண்டார். புதுவிரல் பார்த்த இரண்டாவது எழுத்துமுறை அதுதான். கோஃபி பேபே என்ற பாடகி சேர்ந்தார். 1996இல் "ஐ திங்க் ஐ ஸீ மைசெல்ஃப் ஆன் சிசிடிவி", 1998இல் "ஹெவி பேஸ் புளூஸ்", 2001இல் "ரிஃப்ரெஷ் யுவர் சென்ஸஸ் நவ்!" வந்தன. அப்போது லண்டன் கிளப்புகளில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசை கொடிகட்டிப் பறந்தது. அந்த இசைக்குப் பெயரே டிரம்ஸும் பேஸும்! 1982இலிருந்து அதை வைத்தே பிழைத்த மனிதர் அங்கே போய் நிற்கிறார். அவர் அந்த ஓட்டத்துக்குள் நுழைந்தது பிறர் பின்னால் போனதாக எனக்குப் படவில்லை. ஊர் அவரிடம் வந்து சேர்ந்தது என்றுதான் சொல்வேன். இன்றைய காதுக்கு உடனே பிடிப்பது "ஹெவி பேஸ் புளூஸ்"தான் என்பது என் கட்சி.

பழையஎல்பி (பதில்)

நான் கேட்பதை விடச் சேர்ப்பது அதிகம். அதனால் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம்.

முதல் ஆல்பத்தைத் தேடும்போது உறையில் ஸ்லோவேனியக் கம்பெனியின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். யுகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தபோது பெல்கிரேட் குழுவின் தட்டு ஸ்லோவேனியாவிலிருந்து வருவது சாதாரணம். பெரிய கம்பெனிகள் இரண்டு: ஸாக்ரெபில் யூகோட்டோன், பெல்கிரேடில் வானொலியைச் சேர்ந்த பி.ஜி.பி. ஆர்.டி.பி. இவர்கள் தயங்கிய முரட்டு இசையைச் சின்னக் கம்பெனிகள் எடுத்தன. பிற்பாடு 80களின் கடைசியில் இந்தக் குழுவும் பி.ஜி.பி.க்கே போனது. அதனால் "செலெனி சூப்" எல்பி கிடைப்பது எளிது, 1983 எல்பி கிடைப்பது கடினம். அசல் தட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த வடிவில் கிடைத்தாலும் கேளுங்கள். வாங்குவதானால் விற்பவரிடம் தட்டின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உறை பளபளப்பாகவும் தட்டு கீறலாகவும் எனக்கு வந்திருக்கிறது.

ஆரம்பம் என்று கேட்டால் என் பதில் வேறு. 1981இல் யூகோட்டோன் வெளியிட்ட "பாக்கெட் அரான்ஷ்மான்". பெல்கிரேடின் மூன்று புதுக் குழுக்கள், 11 பாட்டு. ஈடோலி, ஷார்லோ அக்ரோபாட்டா, எலெக்ட்ரிச்னி ஒர்காஸம். புது அலை (நியூ வேவ்) என்ற ராக் பாணி அந்த ஊரில் எப்படி இருந்தது என்பது முழுவதும் அந்த ஒரு தட்டில் இருக்கிறது. அதைக் கேட்காமல் கோயா எதை உதறிவிட்டு வந்தார் என்று எப்படிப் புரியும்? எலெக்ட்ரிச்னி ஒர்காஸத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அவர்கள் 1981இல் போலந்துக்குப் போய் வாசித்ததன் பதிவு "வார்ஸாவா '81" என்று தட்டாகவே வந்தது. அந்த வருஷம் டிசம்பரில்தான் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. அந்தக் காலத்துக் கிழக்கு ஐரோப்பாவில் ஒரு மேடை எப்படி ஒலித்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி என் அலமாரியில் இல்லை.

கேசட்பெட்டி (பதில்)

தாளக்காரன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், லண்டன் ஆல்பங்கள் முக்கியம். 90களின் தொடக்கத்துக்கும் அவற்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியின் பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1992இல் அந்த நாட்டின் மேல் ஐ.நா. தடை வந்தது, 1993இல் பணவீக்கம் 500 பில்லியன் தினார் நோட்டு அச்சடிக்கும் அளவுக்குப் போனது. அந்த பெல்கிரேடில் ஒருவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஆல்பம் போடுவதே பெரும்பாடு. பலர் வெளியேறினார்கள், இவரும் போனார். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்கு இவர்மேல் இருக்கும் மரியாதை. ஆனாலும் "ஹெவி பேஸ் புளூஸ்" முதலில் வேண்டாம். அதன் வேகம் நன்றாகப் பிடித்துவிடும், பிறகு 1983 மந்தமாகத் தெரியும். ஏறுவரிசை கெட்டுவிடும்.

பழையஎல்பி சொன்ன "பாக்கெட் அரான்ஷ்மான்" அருமையான தட்டுதான். ஆனால் கேள்வி கேட்டவர் பேஸ் வாசிப்பவர். அவர் குழுவில் கிட்டார் போய்விட்டது. அவருக்கு ஊரின் வரலாற்றைவிட அவசரமாகத் தேவைப்படுவது, கிட்டார் இல்லாமல் நிற்க முடியும் என்ற நம்பிக்கை. ஷார்லோவைக் கடைசியில் கேட்கட்டும். அப்போது ஒரே அறைக்குள் மிலானும் கோயாவும் பாட்டை ஆளுக்கொரு பக்கம் இழுப்பது காதில் துல்லியமாக விழும். "ஓனா சே பூதி"யில் மிலான் பக்கம் சாய்கிறது பாட்டு. அந்த மென்மையைத்தான் கோயா அடுத்த வருஷமே கைவிட்டார்.

புதுவிரல் (பதில்)

அண்ணன்மாருக்கு நன்றி. சொன்னபடி ஹெட்ஃபோனில் "செலெனி சூப்" முழுக்கக் கேட்டேன், அப்புறம் டிரம்மரோடு உட்கார்ந்து 1983ஐயும் போட்டோம். அவர் முதல் பாட்டு முடிவதற்குள் குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். மேல் ஃபிரெட்டில் இரண்டு சுரம் பிடிக்கிற வித்தை வேலை செய்கிறது. ஆனால் நான் அங்கே போனவுடன் பாட்டு மெலிந்துவிடுகிறது. இ கம்பியைத் திறந்துவிட்டாலும் எங்கள் பாட்டு இ-யில் இல்லாததால் இடிக்கிறது. என்ன செய்யலாம்? இன்னொன்று: 2001க்குப் பிறகு எதுவும் இல்லையா?

கேசட்பெட்டி (பதில்)

பாட்டை இ-க்கோ ஏ-க்கோ மாற்றிவிடுங்கள். குரலுக்கு ஒத்துவரவில்லை என்றால் பாட்டின் சுருதிக்கு அந்தக் கம்பியை இறக்கிக் கட்டுங்கள். ரொம்ப இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆகிவிடும், தடித்த கம்பி மாற்ற வேண்டியிருக்கும். நீங்கள் மேலே போகும் இடங்களில் டிரம்மர் காலால் அடிக்கும் கிக் டிரம்மை இரட்டிப்பாக்கட்டும்; தாளக்காரன் சொன்ன டாம் யோசனையும் அங்கேதான் கைகொடுக்கும். அதோடு, எல்லா இடத்திலும் மேலே போக வேண்டும் என்றும் இல்லை. பல்லவியில் கீழேயே இருந்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் ஏறுங்கள்.

2001க்குப் பிறகு இருக்கிறது. கோயா மறுபடி பெல்கிரேடில் காலூன்றினார். 2007இல் வந்த ஆல்பத்தின் பெயரே ஒரு கேள்வி: "இசை என்று நீ சொல்லும்போது சரியாக எதைச் சொல்கிறாய், சொல்லேன்?" 2011இல் "உஃப்!". 2007 ஆல்பத்தை உங்கள் வரிசையில் மூன்றாவதாக வையுங்கள். 1983இன் அதே அடிப்படையை, இருபது வருஷத்துக்கு மேல் வாசித்துப் பழுத்த கையால் கேட்கலாம். அதன் பிறகு லண்டன், அப்புறம் டிரம்பெட் வரும் 80கள், கடைசியில் ஷார்லோ. உங்கள் பாட்டு ஒரு வடிவத்துக்கு வந்ததும் போனிலாவது பதிவு செய்து இங்கே போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.